யென்ஸின் வாய்க்குள் இருவர்

(குழந்தைகளுக்குப் பல் பாதுகாப்பைக் கற்பிக்கும் ஒரு நார்வே நாட்டு நூலைப் பற்றிய மதிப்புரை)

நூல்: காரியுஸும் பாக்டுஸும்
எழுதிப் படம் வரைந்தவர்: தூர்பியோர்ன் எக்னர்
முதற்பதிப்பு: 1949

குழந்தைகளுக்கு நற்பழக்கங்களைக் கற்பிக்கும் நூல்கள் பெரும்பாலும் கட்டளைகளின் தொகுப்பாகவே அமைந்துவிடுகின்றன. அதிகாலையில் எழ வேண்டும், பல் துலக்க வேண்டும், நகம் வெட்ட வேண்டும் என்று வரிசையாக அடுக்கிக்கொண்டு போவார்கள். குழந்தையும் அதை மனப்பாடம் செய்து வகுப்பில் ஒப்பிக்கும்; முழு மதிப்பெண்ணும் பெறும். ஆனால் மறுநாள் காலையில் தாய் குரல் கொடுத்தால்தான் பிரஷைக் கையில் எடுக்கும். சொன்னது மனத்தில் தைக்கவில்லை என்பதே இதன் பொருள்.

இந்த வழக்கமான பாதையை விட்டு விலகி நடந்த ஒரு சிறு நூலைத்தான் இங்கே ஆராயப் போகிறோம். நார்வே நாட்டில் மூன்று தலைமுறைக் குழந்தைகள் படித்தும் கேட்டும் வளர்ந்த கதை இது. இதை எழுதிய தூர்பியோர்ன் எக்னர் (1912–1990) எழுத்தாளர் மட்டுமல்லர். தாமே படம் வரைவார், தாமே பாட்டுக் கட்டி இசையமைப்பார், வானொலியில் சிறுவர் நிகழ்ச்சிகளும் நடத்தியவர். 1950களில் இக்கதையை ஈவோ காப்ரீனோ என்ற திரைப்படக் கலைஞர் பொம்மைகளைக் கொண்டு ஒரு குறும்படமாகவும் ஆக்கினார். ஆங்கிலம் முதலிய பல மொழிகளில் இக்கதை வந்துள்ளது. ஆங்கிலத்தின் வழியாகவே நான் இதைப் படித்தேன்.

கதை இதுதான்

யென்ஸ் என்று ஒரு சிறுவன். பாகு தடவிய வெள்ளை ரொட்டி என்றால் அவனுக்கு உயிர். பல் துலக்குவது என்றால் வேப்பங்காய். அவனுடைய பல்லில் காரியுஸ், பாக்டுஸ் என்று இரண்டு குள்ளர்கள் குடியிருக்கிறார்கள். ஒருவனுக்குக் கறுப்பு முடி. மற்றவனுக்குச் சிவப்பு முடி. யென்ஸ் இனிப்பு தின்னும்போதெல்லாம் இவர்களுக்கு விருந்து. வயிறு நிறைந்ததும் சுத்தியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு பல்லைக் குடைந்து வீடு கட்டுகிறார்கள்.

தாய் பல் துலக்கச் சொல்லும்போது, அம்மா பேச்சைக் கேட்காதே என்று இருவரும் உள்ளிருந்து கூவுகிறார்கள். பையனும் துலக்காமலே படுத்துவிடுகிறான். முடிவில் பல்வலி வந்து துடிக்கிறான். பல் மருத்துவர் குடைந்த இடத்தைத் துளைத்துச் சுத்தம் செய்து அடைத்துவிடுகிறார். வீடு போயிற்று. யென்ஸ் ஒழுங்காகப் பல் துலக்கத் தொடங்கியதும் சாப்பாடும் போயிற்று. கடைசியில் இருவரும் வாய் கொப்பளித்த நீரோடு அடித்துச் செல்லப்பட்டுக் கடலில் போய்ச் சேருகிறார்கள்.

பெயர்களிலும் ஒரு நயம் இருக்கிறது. பல் சொத்தைக்கு மருத்துவர்கள் இட்ட பெயர் ‘கேரீஸ்’. அதிலிருந்து பிறந்தவன் காரியுஸ். ‘பாக்டீரியா’விலிருந்து பிறந்தவன் பாக்டுஸ். இரண்டு மருத்துவச் சொற்களைக் குழந்தை விளையாட்டாகவே கற்றுக்கொண்டுவிடுகிறது.

கதையின் வலிமை

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் குழந்தைக்கு எப்படிப் புரியவைப்பது? இதுவே சுகாதாரக் கல்வியின் தலையாய சிக்கல். இன்று தின்ற மிட்டாய்க்கும் பல மாதங்கள் கழித்து வரும் பல்வலிக்கும் உள்ள உறவை ஐந்து வயதுக் குழந்தை காண முடியாது. எக்னர் அந்த இடைவெளியை ஒரே தாவலில் கடந்துவிடுகிறார். கிருமிக்கு முகம் கொடுத்தார், குரல் கொடுத்தார், பசியும் கொடுத்தார்.

இன்னொன்றையும் பாராட்ட வேண்டும். இந்தக் கதையில் பெரியவர்கள் யாரும் நீண்ட சொற்பொழிவு ஆற்றுவதில்லை. தீமை செய்பவர்களே வாய் திறந்து தங்கள் இரகசியத்தைச் சொல்லிவிடுகிறார்கள். எதனால் அவர்கள் கொழுக்கிறார்கள், எதைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே குழந்தை கேட்டுக்கொள்கிறது. தானே கண்டுபிடித்த உண்மையாக அது மனத்தில் நிற்கிறது. நம் பாடநூல் எழுதுவோர் கவனிக்க வேண்டிய உத்தி இது.

மேலும், இனிப்பு இல்லாமல் இந்தக் குள்ளர்களுக்கு வாழ்வில்லை என்பதைக் கதை மறைக்கவில்லை. பிரஷை மட்டும் புகழ்ந்துவிட்டுச் சர்க்கரையைப் பற்றி வாய் திறக்காத பற்பசை விளம்பரங்களைவிட இந்த வகையில் எக்னர் நேர்மையானவர்.

ஒரு குழந்தையின் கேள்வி

இவ்வளவு சிறப்புகளை நம்பித்தான் ஆறு வயதுப் பேத்திக்கு இந்தக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாளே பிரஷைத் தானாக எடுத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் ஒரு வாரம் கழித்து அவளுடைய கடைவாய்ப் பல்லில் ஒரு கரும்புள்ளியை அவளுடைய தாய் கண்டாள். பேத்தி அன்று முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டே இருந்தாள். இரவில் என்னிடம் வந்து, “தாத்தா, நான் தினமும் தேய்க்கிறேனே. அப்புறம் அவங்க எப்படி உள்ளே வந்தாங்க? நான் கெட்ட பொண்ணா?” என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்குக் கதையில் விடை இல்லை. கதையின் நியாயப்படி சொத்தை உள்ளவன் துலக்காதவன். துலக்காதவன் சொல் பேச்சு கேளாதவன். துலக்கியும் சொத்தை வந்த குழந்தைக்கு அங்கே இடமில்லை. ஒரு நல்ல கதை ஒரு நல்ல குழந்தையைக் குற்றவாளியாக்கிவிட்டதே என்ற எண்ணம்தான் என்னை மீண்டும் இந்நூலை எடுத்து, விஞ்ஞானத்தின் உரைகல்லில் தேய்த்துப் பார்க்கச் செய்தது.

பழைய புழுவின் புதிய வடிவம்

பல்லை ஏதோ ஒன்று குடைகிறது என்ற எண்ணம் மிகப் பழமையானது. பாபிலோனியரின் களிமண் ஏடு ஒன்றில், ஒரு புழு கடவுளிடம் சென்று, பழங்கள் வேண்டாம், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இடம் கொடு என்று வேண்டுவதாக ஒரு மந்திரம் இருக்கிறது. நம் ஊர்களிலும் சொத்தையைப் ‘பல் பூச்சி’ என்றே சொல்வார்கள். கண்டங்கத்திரி விதையைத் தணலில் இட்டு, அந்தப் புகையை வாயில் பிடித்தால் பூச்சி விழும் என்று நம்பினார்கள். ஐரோப்பாவிலும் இதே முறை வேறொரு செடியின் விதையைக் கொண்டு நடந்தது. சூட்டில் விதை வெடித்து வெளிவரும் வெண்ணிற முளைக்கருவையே மக்கள் புழு என்று எண்ணினர்.

1728-இல் பிரெஞ்சுப் பல் மருத்துவர் பியேர் ஃபோஷார், தாம் எவ்வளவு தேடியும் பல்லில் புழுவைக் காணவில்லை என்று எழுதினார். 1890-இல் பெர்லின் நகரில் பணியாற்றிய அமெரிக்கரான வில்லோபி மில்லர் உண்மையை நெருங்கினார். வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாவு, சர்க்கரைப் பொருள்களைச் சிதைத்து அமிலம் உண்டாக்குகின்றன. அந்த அமிலமே பல்லைக் கரைக்கிறது என்று அவர் விளக்கினார்.

‘குடைவது’ வேறு, ‘கரைவது’ வேறு. காரியுஸின் கடப்பாரை உண்மையில் புழுவின் பல்தான். உடை மட்டுமே மாறியிருக்கிறது. பாக்டீரியாக்கள் பல்லை உடைப்பதில்லை, உண்பதுமில்லை. அவை உண்பது சர்க்கரையை. அவை கழித்துவிடும் அமிலம், பல்லின் மேற்பூச்சான எனாமலில் உள்ள சுண்ணாம்புச் சத்தையும் பாஸ்பேட்டையும் கரைக்கிறது.

இந்த வேறுபாடு வெறும் புலமை வாதமன்று. கடப்பாரையால் விழுந்த ஓட்டை தானே மூடாது. ஆனால் அமிலம் அரிக்கத் தொடங்கிய எனாமல், தொடக்க நிலையில், தன்னைத் தானே சரிசெய்துகொள்ள முடியும். நம் உமிழ்நீர் அமிலத்தின் கடுமையைக் குறைக்கிறது. கரைந்துபோன உப்புகளைத் திரும்பக் கொண்டுவந்து படியவைக்கிறது. பற்பசையில் உள்ள ஃபுளோரைடு இந்தப் பழுதுபார்ப்பை விரைவுபடுத்துகிறது. புதிதாகப் படியும் பகுதியை மேலும் உறுதியாக்குகிறது. எனாமலில் முதலில் தோன்றுவது கரும்பள்ளம் அன்று, சுண்ணாம்பு பூசியது போன்ற ஒரு வெண்புள்ளி. அந்த நிலையில் கவனித்தால் துளையிடாமலே பல்லைக் காப்பாற்ற வழி உண்டு.

ஒவ்வொரு நாளும் பல்லின் மேல் இவ்வாறு ஓர் இழுபறி நடக்கிறது. 1940களில் அமெரிக்கரான ராபர்ட் ஸ்டீபன் இதை அளந்து காட்டினார். சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளித்த சில நிமிடங்களில் பல்மேல் படிந்த படலத்தில் அமிலத் தன்மை வேகமாக ஏறுகிறது. பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகிறது. ஆகவே ஒரு மிட்டாயை உணவோடு சேர்த்துத் தின்று முடித்தால் ஒரு தாக்குதல். ஐந்து மிட்டாய்களை மாலை முழுவதும் மணிக்கு ஒன்றாகச் சப்பினால் ஐந்து தாக்குதல்கள். உமிழ்நீருக்கு மூச்சுவிட நேரமே கிடைப்பதில்லை.

பேத்தியின் கேள்விக்கு விடை இங்கேதான் கிடைத்தது. அவள் காலையில் ஒழுங்காகத் துலக்கினாள். ஆனால் மாலையில் அவள் கேட்கும்போதெல்லாம் சட்டைப் பையிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான்.

போர் கற்பித்த பாடம்

எக்னரின் நூல் வெளிவந்த ஆண்டைக் கவனியுங்கள். 1940 முதல் 1945 வரை நார்வே ஜெர்மானியரின் பிடியில் இருந்தது. சர்க்கரை பங்கீட்டில்தான் கிடைத்தது; மிட்டாய் அரிதாயிற்று. ஆஸ்லோவைச் சேர்ந்த பல் மருத்துவப் பேராசிரியர் கூட்டோர்ம் தூவெருட் பள்ளிக் குழந்தைகளின் பற்களைத் தொடர்ந்து ஆராய்ந்து வந்தார். போர்க்காலத்தில் குழந்தைகளிடையே சொத்தை வெகுவாகக் குறைந்தது. போர் முடிந்து சர்க்கரை திரும்பியபின் சொத்தையும் திரும்பியது.

போர்க்காலத்தில் நார்வேக் குழந்தைகள் திடீரென்று பல் துலக்குவதில் வல்லவர்களாகிவிட்டார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். உணவுப் பழக்கம்தான் பெரிதும் மாறியது. சர்க்கரை மீண்டும் கடைகளை நிரப்பத் தொடங்கிய காலத்தில்தான் யென்ஸ் பிறந்தான். அவன் கையிலிருந்த பாகு ரொட்டி ஒரு சிறுவனின் பிடிவாதத்தால் மட்டும் வந்ததன்று. ஒரு நாட்டின் சந்தை நிலவரமும் அதில் கலந்திருக்கிறது.

அண்டை நாடான ஸ்வீடனில் 1945-இல் தொடங்கி நடந்த விபெஹோம் ஆய்வும் இதையே உறுதிப்படுத்தியது. ஒட்டும் தன்மையுள்ள இனிப்பை உணவு வேளைகளுக்கு இடையே அடிக்கடி தின்பதே பெருந்தீங்கு என்று அது காட்டியது. ஆனால் அந்த ஆய்வு மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளின் மேல், அவர்கள் சம்மதமின்றி நடத்தப்பட்டது. அவர்கள் பற்கள் பாழானதைக் கொண்டு பெற்ற அறிவு இது. விஞ்ஞான வரலாற்றில் இதை ஒரு கறையாகவே சொல்ல வேண்டும்.

கிருமி, சர்க்கரை இரண்டும் சேர்ந்தால்தான் தீங்கு என்பதை 1954-இல் அமெரிக்காவில் ஆர்லண்டும் அவர் குழுவினரும் எலிகளைக் கொண்டு காட்டினார்கள். கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளுக்குச் சர்க்கரை மிகுந்த உணவைக் கொடுத்தும் சொத்தை வரவில்லை. ஆனால் எலியைப் போல் மனிதக் குழந்தையைக் கிருமியில்லாத கூண்டில் வளர்க்க முடியாது. வாயில் நூற்றுக்கணக்கான நுண்ணுயிர் வகைகள் எப்போதும் இருக்கின்றன. அவற்றுள் பல தீங்கற்றவை. அடிக்கடி சர்க்கரை கிடைத்தால், அமிலத்தில் வாழப் பழகிய வகைகள் பெருகி மற்றவற்றை ஒடுக்கிவிடுகின்றன என்பதே இன்றைய ஆய்வாளர் கருத்து. எனவே காரியுஸும் பாக்டுஸும் கடலுக்குப் போவதே இல்லை. அவர்கள் வாயிலேயே இருக்கிறார்கள். அவர்களை வலுவற்றவர்களாக வைத்திருப்பதே நாம் செய்யக்கூடியது. இரவும் காலையும் துலக்கிக்கொண்டே இருக்க வேண்டியதன் காரணமும் இதுதான். ஒருமுறை துரத்திவிட்டால் கதை முடிந்தது என்ற எக்னரின் முடிவு, தினமும் செய்ய வேண்டிய ஒரு பழக்கத்துக்குப் பொருந்தாத முடிவு.

யென்ஸ் மட்டுமா குற்றவாளி?

கதையின் பெருங்குறை என்று நான் கருதுவது இதுதான். பாகு ரொட்டியைத் தின்றவன் யென்ஸ், துலக்காதவன் யென்ஸ், வலியால் துடித்தவனும் யென்ஸ். அந்த ரொட்டியில் பாகு தடவியவர் யார் என்று கதை கேட்பதில்லை. தாய் சொல்கிறாள், பிள்ளை கேட்பதில்லை, அத்துடன் பெரியவர்களின் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது.

ஆனால் ஐந்தாறு வயதுக் குழந்தைக்குக் கடைவாய்ப் பற்களைத் தானே சரியாகத் துலக்கும் கைத்திறன் கிடையாது. ஏழு, எட்டு வயது வரையிலும் பெரியவர் ஒருவர் துலக்கிவிட வேண்டும், அல்லது அருகில் நின்று உதவ வேண்டும் என்பது பல் மருத்துவர்களின் அறிவுரை. மற்றொரு செய்தி: ஏறத்தாழ ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் முதல் நிலைக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. எந்தப் பாலபல்லும் விழாமல் சந்தடியின்றி வருவதால், பல பெற்றோர் அதையும் பால்பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய பல் முதல் சில ஆண்டுகளிலேயே சொத்தையாகிறது. யென்ஸின் வயதுக் குழந்தைகளுக்கு மிகவும் தேவையான இச்செய்தி கதையில் இல்லை.

மருத்துவரும் வலி வந்த பிறகே கதைக்குள் நுழைகிறார். துளைக்கும் கருவியோடு வருபவர் என்றே குழந்தை அவரை அறிந்துகொள்கிறது. வலி இல்லாதபோதே சென்று பல்லைக் காட்டுவதுதான் நாம் கற்பிக்க விரும்பும் பழக்கம்.

நார்வே நாடு கதையை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். நூல் வெளிவந்த அதே 1949-இல் பொதுமக்கள் பல் நலத்துக்கென அங்கே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இன்று 18 வயது வரை அரசின் பல் மருத்துவ சேவை அங்கே கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஸ்வீடனிலும் நார்வேயிலும் மிட்டாயைச் சனிக்கிழமைக்கு மட்டும் ஒதுக்கும் வழக்கம் குடும்பங்களில் வேரூன்றியது. மிட்டாயே கூடாது என்று குழந்தையை ஏங்கவைக்கவில்லை. எப்போது என்பதைப் பெரியவர்கள் வரையறுத்தார்கள். ஸ்டீபன் அளந்து சொன்ன உண்மைக்கு இதைவிட எளிய வீட்டு விதி இருக்க முடியாது.

கதை சொல்பவர் சேர்க்க வேண்டியவை

இத்தனை குறைகளைச் சொன்னதால் இந்நூலைக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்தன்று. கட்டாயம் கொடுக்க வேண்டும். 1949-இல் எழுதிய கதாசிரியரிடம் பின்னாளைய ஆய்வுகளை எதிர்பார்ப்பதும் நியாயமாகாது. ஆனால் கதையைச் சொல்லும் ஆசிரியரும் பெற்றோரும் சிலவற்றைத் தம் பங்குக்குச் சேர்க்க வேண்டும்.

கடப்பாரை ஒரு வேடிக்கை என்றும், உண்மையில் பல் புளிப்பால் கரைகிறது என்றும் காட்டலாம். இதற்கு ஒரு முட்டை ஓடும் ஒரு கிண்ணம் வினிகரும் போதும். குமிழ் குமிழாக ஓடு கரைவதைக் குழந்தை கண்ணாலேயே காணும். பற்பசையை மூன்று வயதுக்குள் பிரஷில் மெல்லிய பூச்சாகவும், அதன் பிறகு ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவாகவும் இட வேண்டும்; நுரையைத் துப்பக் கற்றுத்தர வேண்டும். ஃபுளோரைடை விழுங்குவது நல்லதன்று. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் இதில் கூடுதல் கவனம் தேவை; அங்கே பற்கள் பழுப்பேறுவது சொத்தையால் அன்று, நீரிலுள்ள மிகுதியான ஃபுளோரைடால் என்பதையும் மாணவர் அறிய வேண்டும். அப்பிள்ளைகளைப் பல் துலக்காதவர்கள் என்று எள்ளுவது பெரும் அநியாயம்.

இரவில் துலக்கிய பிறகு தண்ணீரைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதை வீட்டு வழக்கமாக்க வேண்டும். உறக்கத்தில் உமிழ்நீர் மிகக் குறைவாகச் சுரப்பதால், அப்போது வாயில் தங்கும் இனிப்புக்கு எதிர்ப்பே இருப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, சொத்தைப் பல்லோடு வரும் குழந்தையிடம் முதலில் சொல்ல வேண்டியது, இது உன் குற்றமன்று என்பதே. பயமும் வெட்கமும் வாயை மூடவைக்கும். மூடிய வாயை மருத்துவர் பார்க்க முடியாது.

எங்கள் வீட்டில் இப்போது மிட்டாய்க்கு ஞாயிற்றுக்கிழமைப் பகலுணவு வேளை மட்டும். பேத்தியின் பல்லை மருத்துவர் சிறிய அளவில் அடைத்துவிட்டார். இரவில் அவள் துலக்கி முடித்ததும் கடைவாய்ப் பக்கத்தை நான் ஒருமுறை துலக்கிவிடுகிறேன். “அவங்க இன்னும் உள்ளேதான் இருக்காங்களா தாத்தா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சிறிது யோசித்துவிட்டு, “இருக்கட்டும். ஆனா சாப்பாடு போடாதீங்க” என்றாள்.